நான்கு முதல் ஒன்பது வரை

ஃப்ரெஸ்னோவில் நூற்றுப் பதின்மூன்று டிகிரி.
நான்காவது நாள்.
என் சலவைக் கடைக்கு வருகிறவர்கள்
கதவின் கைப்பிடியைத் தொடுவதில்லை,
தோளால் இடித்துத் திறக்கிறார்கள்.

நான் கையெழுத்துப் போட்டது பிப்ரவரியில்.
வெளியே எதிர்க்கடை தெரியாத மூடுபனி.
மின்நிறுவனத்துப் பெண் ஒரு வரைபடத்தை விரித்தாள்:
பகலெல்லாம் வெயில் அள்ளித் தரும் மின்சாரம்
சரிந்து இறங்கும் ஒரு கோடு,
வேலை விட்டு வந்தவர்கள்
வீட்டு ஏசியை முடுக்க முடுக்க
ஏறும் இன்னொரு கோடு.
கத்தரிக்கோல்போல அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில்
விரலை வைத்தாள்.
"இந்த இடுக்கில்தான் எங்களுக்கு மூச்சு முட்டும்.
அப்போது கூப்பிடுவோம்.
அறுபது கிலோவாட் விட்டுக்கொடுங்கள்,
பில்லில் கழித்துக்கொள்கிறோம்."
குளிர்காலத்தில் எதற்கும் தலையாட்டலாம்.

இன்று நான்கு பத்துக்கு அழைப்பு.
எந்திரக் குரல் இல்லை, மனிதக் குரல்.
அதுவே பயமாக இருந்தது.
"ஹாகோப், ஐந்து மணியிலிருந்து. முடியுமா?"
அவளுக்குப் பின்னால் யாரோ
ஏலம் போடுவதுபோல எண்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.
"எல்லாரும் தராவிட்டால்
தெருத்தெருவாக மாற்றி மாற்றி அணைப்போம்."
எந்தத் தெரு என்று கேட்டேன்.
அவள் சொல்லவில்லை.

பதினாறு உலர்த்திகளும் ஓடிக்கொண்டிருந்தன.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
சீருடைகள், போர்வைகள், ஒரு துணி டைனோசர்
விழுந்து எழுந்து விழுந்து.
ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.
கடைசிப் போர்வை பாதிச் சுற்றில்
தொப்பென்று உட்கார்ந்தது.

முதலில் யாரும் பேசவில்லை.
பிறகு எல்லாரும் பேசினார்கள்.
திராட்சைக் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் எலியோடோரோ
"ஏழு மணிக்கு இந்த ஈரத்தைப் போட்டுக்கொண்டா போவேன்?"
டெல்ஃபினா வாசலில் நின்று
சாலைக்கு அப்பால் கையை நீட்டினாள்.
கார் விற்கும் கடையில், பட்டப்பகலில்,
முப்பது விளக்குகள்.
"அவனைக் கூப்பிட்டார்களா?"
எனக்குத் தெரியாது, டெல்ஃபினா.
என் அறுபதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்வதற்கே கூச்சமாக இருந்தது.

மாய் யெர் எதுவும் கேட்கவில்லை.
ஈரத்தை வாரித் தள்ளுவண்டியில் போட்டு
கார் நிறுத்துமிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.
அவள் புருஷனின் மூக்கில் குழாய்,
குழாயின் மறுமுனையில் ஒரு பெட்டி,
பெட்டியின் வால் சுவரில்.
அந்தத் தெரு எது என்று எனக்குத் தெரியும்.

கம்பிவலை வேலியின்மேல்
முதல் விரிப்பை வீசினாள்.
அது ஒரு பெருமூச்சு விட்டது.
பன்னிரண்டு நிமிடம்.
நான் எட்டாயிரம் டாலருக்கு வாங்கிய எந்திரத்துக்கு
நாற்பது நிமிடம் ஆகும்.

அப்புறம் யார் சொல்லியும் இல்லை,
வேலி முழுக்கத் துணி.
பக்கக் கண்ணாடிகளில் உள்பாவாடைகள்,
வைப்பரில் எலியோடோரோவின் சட்டை,
சூடான பானட்டில் மல்லாந்து டைனோசர்.
ஊரையே ஏசியின் காலில் விழவைத்த வெயில்
இங்கே சம்பளமில்லாமல் வேலை செய்தது.
யாரோ சிரித்தார்கள். நான்தானோ என்னவோ.
ஜீன்ஸின் இடுப்புப் பட்டை மட்டும்
பிடிவாதமாக ஈரமாகவே இருந்தது.

சூரியன் போனது, சூடு போகவில்லை.
எட்டு மணிக்குக் கார்க்கடை விளக்குகளில் பாதி அணைந்தன.
கூப்பிட்டார்களா, நேரம் வைத்த சுவிட்சா,
தெரியவில்லை.
மாய் யெரின் தெருப் பக்கம்
கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அங்கே மஞ்சளாக வெளிச்சம், மஞ்சளாகவே.

ஒன்பது நான்குக்குக் குறுஞ்செய்தி:
நன்றி. நாளையும் தேவைப்படலாம்.

அவள் திரும்பி வந்தாள், விரிப்பைப் பிரித்துக் காட்டினாள்.
வெள்ளையில் வேலியின் துரு,
சாய்சதுரம் சாய்சதுரமாக, ஒரு முழு வேலி.
காசு வேண்டாம் என்றேன்,
நானே துவைத்துத் தருகிறேன்.
நாளைக்கு வா.
நாலு மணிக்கு முன்னால் வா.